பிள்ளைகளின் படிப்பு சீசன் சரக்கல்ல



மே 5 வணிகர் தினம் முடிந்து ஊர் திரும்பிய கையோடு நம் கடைகளில் வேறொரு பேச்சு தொடங்கிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டது, பையனை எதில் சேர்க்கலாம், பெண்ணுக்கு எது நல்லது என்ற பேச்சு. விருதுநகரில் இன்று உளுந்து என்ன விலை, துவரை என்ன விலை என்று விசாரிக்கிற அதே குரலில், "இப்ப எந்தப் படிப்பு நல்லாப் போவுது?" என்று விசாரிக்கிறோம். சரக்கு விசாரணையில் நாம் கெட்டிக்காரர்கள்தாம். ஆனால் பிள்ளையின் படிப்பைச் சரக்கு விசாரிப்பதுபோல் விசாரிப்பது சரிதானா என்பதைப் பற்றி இந்த இதழில் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். குறிப்பாக மின் பொறியியல் என்ற ஒரு படிப்பை எடுத்துக்கொண்டு பேசுகிறோம். அதற்குக் காரணம் உண்டு. அந்த விஷயத்தில் நாமே ஒரு தவறு செய்திருக்கிறோம்.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கடை அடைத்த பிறகு இரவு பத்து மணிக்கு நம்மைத் தேடி வந்தார். "அண்ணாச்சி, பையன் கரண்டு படிப்புதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கான். நாலு இடம் போய் வாரவுக நீங்க. என்ன செய்யலாம், சொல்லுங்க" என்றார்.

அந்தப் பையனை நமக்கு நன்றாகத் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போதே அப்பா கடையின் எலக்ட்ரானிக் தராசைப் பிரித்துப் பார்த்து அடி வாங்கியவன். ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று அடித்தால் எந்தக் கடையாக இருந்தாலும் போய் நிற்பான். கலந்தாய்வில் மின் பொறியியல் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தான். நாம் என்ன சொன்னோம்? "கரண்டு படிப்புக்கு இப்ப மவுசு இல்லை. கம்ப்யூட்டர்ல போடுங்க. படிச்சு முடிக்குமுன்னே கம்பெனிக்காரன் காலேஜுக்கே வந்து தூக்கிக்கிட்டுப் போயிருவான்" என்றோம். சங்கத்து ஆள் சொல்கிறாரே என்று அவரும் அப்படியே செய்தார்.

பையன் சேர்ந்தான். மனம் அதில் ஒட்டவில்லை. ஒரு பாடம், இரண்டு பாடம் என்று அரியர் சேர்ந்து, மூன்றாம் ஆண்டு நடுவில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். வங்கிக் கடன் அப்படியே நின்றது. அந்த நண்பர் இன்றுவரை நம்மை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சந்தா வசூலுக்குப் போனால் முதலில் டீ வாங்கிக் கொடுக்கிறார். அந்த டீயைக் குடிக்க நமக்குத்தான் கூசுகிறது.

கம்ப்யூட்டர் படிப்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதே தெருவில் அதைப் படித்து நல்ல நிலையில் இருக்கும் பிள்ளைகள் மூன்று பேர் உண்டு. தவறு படிப்பில் இல்லை. பையன் யார் என்று பார்க்காமல் மார்க்கெட் நிலவரத்தை மட்டும் பார்த்துப் பேசிய நம்மிடம்தான் தவறு.

ஏறின விலை இறங்கும்

சின்ன வெங்காயத்தின் கதை நமக்குத் தெரியாததா? ஒரு வருடம் விலை ஏறுகிறது. அதைப் பார்த்து எல்லோரும் நடுகிறார்கள். அறுவடைக்கு வரும்போது எடுப்பதற்கு ஆளில்லை. படிப்பிலும் அதுவே நடந்திருக்கிறது. மின்சார வாரியம் 1957-இல் அமைந்த பிறகு, வாரியத்தில் இன்ஜினியர் என்றால் ஊரே எழுந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் கம்ப்யூட்டர் அலை வந்தது. 2001 வாக்கில் அமெரிக்காவில் அந்தத் தொழில் சரிந்தபோது, போன பிள்ளைகள் பலர் திரும்பி வந்தார்கள். பிறகு மறுபடி ஏறியது. 2008-இல் மறுபடி அடி. 2022, 2023-இல் உலகப் பெரிய கம்பெனிகளே ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பின.

இன்று சேருகிற பிள்ளை நான்கு ஆண்டு கழித்து வெளியே வரும். அதன்பின் முப்பது, முப்பத்தைந்து ஆண்டு வேலை செய்யும். இன்றைய விலையை வைத்து முப்பத்தைந்து ஆண்டுக்குக் கொள்முதல் செய்கிற வியாபாரி நம்மில் எவராவது உண்டா?

கிட்டங்கியில் வைக்க முடியாத சரக்கு

மின் பொறியாளர் என்றால் கம்பத்தில் ஏறுகிறவர் என்றோ, ஃபேன் மாட்டுகிறவர் என்றோ நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த வேலைகளும் கௌரவமானவைதாம். ஆனால் பொறியாளரின் வேலை வேறு. அதை நம் பாஷையிலேயே சொல்லிவிடலாம்.

அரிசியை மூட்டை கட்டி அடுக்கலாம். பருப்பை ஆறு மாதம் வைக்கலாம். மின்சாரத்தை அப்படிக் கிட்டங்கியில் அடுக்க முடியாது. எந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் ஓடுகிறது. தேவை கூடி உற்பத்தி குறைந்தால் அந்த 50 இறங்கத் தொடங்கும். அதிகம் இறங்கினால் ஊர் ஊராக இருண்டுவிடும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா முழுவதும் இருண்டதை நாம் செய்தியில் பார்த்தோம்.

நம் மாநிலத்தில் காற்றாலை மட்டும் பத்தாயிரம் மெகாவாட்டுக்கும் மேல் நிற்கிறது. ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இறக்கைகள் ஓயாமல் சுற்றும். காற்று விழுந்தால் அவ்வளவும் நின்றுவிடும். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. நண்பகலில் கொட்டிக் கொடுக்கும். ஆனால் நாம் கடை விளக்கைப் போடுகிற மாலை ஆறரைக்கு அதனால் உபயோகம் இல்லை. சூரியன் இறங்குகிற அந்த நேரத்தில்தான் தெருவெல்லாம் விளக்கு எரிகிறது, வீடெல்லாம் டி.வி. ஓடுகிறது. இந்த இடைவெளியை யார் நிரப்புவது? வால்பாறை மலையில் காடம்பாறை என்ற 400 மெகாவாட் நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, தட்டுப்பாடு வரும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். மலிவு காலத்தில் வாங்கிப் போட்டு, விலை ஏறும்போது எடுத்து விற்கிற நம் தந்திரமேதான். அதைக் கணக்குப் போட்டுக் கட்டியது, இன்று நடத்துவது மின் பொறியாளர்கள்.

மின்சாரத்தைக் கொண்டுவருவதும் இப்படி ஒரு வித்தைதான். கம்பியில் ஓடும்போது ஒரு பகுதி சூடாக வீணாகிறது. அழுத்தத்தை, அதாவது வோல்ட்டை, இரண்டு மடங்கு ஆக்கினால் அதே மின்சாரத்தை அனுப்பப் பாதி ஆம்பியர் போதும். இழப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நூறு சைக்கிளில் அனுப்புவதை ஒரு லாரியில் அனுப்புவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் சத்தீஸ்கர் மாநிலத்து ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு, 1,700 கிலோமீட்டருக்கும் மேல், 800 கிலோவோல்ட் டி.சி. லைன் இழுத்திருக்கிறார்கள். 6,000 மெகாவாட் அதில் வர முடியும். நம் வீட்டில் இருப்பது 230 வோல்ட். அங்கே எட்டு லட்சம் வோல்ட். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஒவ்வொரு படியிலும் ஒரு பொறியாளர் இருக்கிறார்.

2012-ஐ நாம் மறந்திருக்க மாட்டோம். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. ஐஸ்கிரீம் உருகி ஓடியது. மாவு மில் நின்றது. பால் கெட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே அந்த வருடத்து லாபத்தைக் கரைத்தவர்கள் நம்மில் ஏராளம். அந்த நாட்களைக் கண்ட நாமே "கரண்டு படிப்புக்கு என்ன வேலை இருக்கு?" என்று கேட்டால் அது நியாயமா?

நம் கடைக்குள்ளேயே இருக்கிறது

தொலைவில் போக வேண்டாம். போன வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் நம் தெருவில் நியூட்ரல் அறுந்தது. தெருவுக்கு வருவது மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு பேஸுக்கு நடுவே சுமார் 400 வோல்ட். நியூட்ரல் அறுந்தால், குறைவாக மின்சாரம் இழுக்கிற கடையில் வோல்ட் எகிறிவிடும். அன்று நான்கு கடைகளில் ஃபிரிட்ஜ், பில் மெஷின் எல்லாம் புகைந்தன. முன்னே சொன்ன பையன்தான் கடை கடையாக ஓடி, "மெயினை ஆஃப் பண்ணுங்க, மெயினை ஆஃப் பண்ணுங்க" என்று கத்தினான். அவன் சொன்னதைக் கேட்டவர்களின் சரக்கும் சாமானும் தப்பின.

செலவுக் கணக்கையும் பாருங்கள். பழைய மின்விசிறி 75 வாட். நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். இப்போது வருகிற பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட். அதே நேரத்துக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. ஒரு விசிறிக்கு மாதம் சுமார் 19 யூனிட் மிச்சம். நான்கு விசிறி ஓடுகிற கடைக்கு மாதம் 75 யூனிட். கடைக்கு நாம் கட்டுவது வணிகக் கட்டணம். வீட்டுக் கட்டணம் அல்ல. இந்த விசிறி எங்கிருந்து வந்தது? மோட்டாருக்குள் காந்தத்தையும் சின்ன எலக்ட்ரானிக் சர்க்யூட்டையும் வைத்து யோசித்த மின் பொறியாளர்களிடமிருந்து வந்தது. நம் கோயம்புத்தூரில் 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்து காட்டிய நாளிலிருந்து, பம்ப் செட் மூலமாக ஒரு மாவட்டமே பிழைத்துக்கொண்டிருக்கிறது.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

நல்லதை மட்டும் சொல்லி விற்பது நல்ல வியாபாரியின் வேலை அல்ல. ஆகவே மற்றதையும் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, இது கணக்குப் படிப்பு. ஸ்டெபிலைசரைத் திறந்து பார்க்கிற ஆசை மட்டும் போதாது. சர்க்யூட், மோட்டார், ஜெனரேட்டர், மின் தொகுப்பு, கண்ட்ரோல் சிஸ்டம் என்று எதைத் தொட்டாலும் கணக்கு நிற்கும். கணக்கைக் கண்டால் ஓடுகிற பிள்ளையை இதில் தள்ளுவது, நாம் அந்தப் பையனுக்குச் செய்ததையே திருப்பிச் செய்வதாகும்.

இரண்டாவது, தொடக்கச் சம்பளம். சிறிய பேனல் போர்டு கம்பெனியிலோ சோலார் அமைப்பவரிடமோ முதலில் சேருகிற பிள்ளைக்குக் கிடைப்பது, நம் கடையில் பத்து வருடம் இருக்கிற ஆளுக்கு நாம் கொடுப்பதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும். கைத்தொழில் பிடிபட்ட பிறகுதான் மதிப்பு ஏறும். நாமும் கடை திறந்த முதல் வருடமே லாபம் பார்க்கவில்லை.

மூன்றாவது, அரசு வேலை. வாரியம் 2010-இலும் 2024-இலும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. உதவிப் பொறியாளர் இடங்கள் வருடந்தோறும் வருவதில்லை. வரும்போது ஒரு இடத்துக்குப் பெரிய கூட்டம் நிற்கும். 'வாங்கித் தருகிறேன்' என்று யாராவது வந்தால் பணத்தைக் கல்லாவிலேயே வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஆபத்தும் அலைச்சலும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களை அடித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல மாவட்டங்களிலிருந்து வந்த ஊழியர்களும் பொறியாளர்களும் சேற்றில் நின்று அவற்றை நிமிர்த்தினார்கள். வீட்டில் விசேஷமானாலும் வேலை கூப்பிட்டால் போக வேண்டிய தொழில் இது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பொம்பளப் புள்ளைக்குக் கரண்டு வேலை எதுக்கு?" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வடிவமைப்பு, சோதனைக் கூடம், மின் தொகுப்புக் கட்டுப்பாட்டு அறை என்று எல்லா இடங்களிலும் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கடைக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிற நம் வீட்டுப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு வராதா?

எந்த வழியில் போவது

வாசல் பதினோராம் வகுப்பிலேயே இருக்கிறது. கடைக்கு உதவும் என்று வணிகவியல் பிரிவில் சேர்த்துவிட்டு, பிறகு பொறியியல் என்றால் வழி அடைபட்டுவிடும். பி.இ. சேரக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். கலந்தாய்வுக்குக் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடுகிறார்கள். 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கலந்தாய்வு மூலம் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவீத இட ஒதுக்கீடும் இருக்கிறது.

பாலிடெக்னிக்கைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பத்தாம் வகுப்பு முடித்து மூன்று ஆண்டு டிப்ளமோ. பன்னிரண்டில் அறிவியல் பிரிவு படித்தவர்களும் ஐ.டி.ஐ. முடித்தவர்களும் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். கையில் வேலையும் தெரிந்து, பட்டமும் வாங்கிய பிள்ளைக்குத் தொழிற்சாலைகளில் உள்ள மதிப்பே தனி.

பட்டம் முடித்தபின் 'கேட்' தேர்வு எழுதினால் மேற்படிப்புக்கும், சில பொதுத்துறை நிறுவனங்களுக்கும் வழி. மத்திய அரசின் பொறியியல் பணித் தேர்வில் உள்ள நான்கு பிரிவுகளில் மின் பொறியியல் ஒன்று. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மின் ஸ்கூட்டர் ஆலைகள், கங்கைகொண்டானில் சோலார் செல் ஆலை, கோவையில் மோட்டார் தொழில் என்று நம் மாநிலத்திலேயே இடங்கள் இருக்கின்றன. வியாபார ரத்தம் ஓடுகிற பிள்ளைக்கு இன்னொரு வழியும் உண்டு. முறையாக உரிமம் பெற்று மின் ஒப்பந்தத் தொழில் செய்யலாம். சோலார், பேனல் போர்டு, ஜெனரேட்டர் பராமரிப்பு என்று நம் வணிகர்களே அவருக்கு வாடிக்கையாளர்.

கல்லூரிக்கும் குத்தூசி போடுங்கள்

மூட்டையின் வாய் தைத்திருக்கிற அழகைப் பார்த்து நாம் அரிசி வாங்குவதில்லை. குத்தூசி போட்டு உள்ளே இருப்பதை உள்ளங்கையில் எடுத்துப் பார்க்கிறோம். கல்லூரிக்கும் அதைச் செய்யுங்கள். வளைவையும் பஸ்ஸையும் பார்த்து மயங்க வேண்டாம். மின் ஆய்வுக் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மோட்டாரும் டிரான்ஸ்பார்மரும் ஓடுகின்றனவா, தூசி படிந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரைத் தனியே கூப்பிட்டு, ஒரு மோட்டாருக்கு எத்தனை பேர் நின்று பயிற்சி செய்கிறார்கள் என்று கேளுங்கள். தேர்ச்சி விகிதத்தைக் கேளுங்கள். 'நூறு சதவீத வேலை' என்றால், மின் துறை வேலை எத்தனை, மற்றது எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். தரகர் மூலம் போகாதீர்கள். தரகு யார் தலையில் ஏறும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடனிலும் கவனம் தேவை. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ஒரு வரம்பு வரை சொத்துப் பிணை இல்லாமல் கிடைக்கும். அதை விட்டுவிட்டுக் கடைச் சரக்கை அடகு வைத்தோ, கந்துவட்டிக்கு வாங்கியோ நன்கொடை கட்டாதீர்கள். பிள்ளை படித்து வருவதற்குள் கடை போய்விட்டால் இரண்டும் நஷ்டம்.

நம் முன்னோர் செய்தது

கல்வி நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். விருதுநகர் வணிகர்கள் விற்கிற சரக்கில் மகமை பிடித்து 1889-இல் சத்திரிய வித்யாசாலாவை நிறுவினார்கள். பெருந்தலைவர் காமராசர் படித்த பள்ளி அது. வள்ளல் அழகப்பர் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் அங்கே வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். பேட்டரி ஆராய்ச்சியில் இன்று நாடறிந்த இடம். மதுரையில் 1957-இல் கருமுத்து தியாகராசர் பொறியியல் கல்லூரி தொடங்கினார். இவர்கள் எல்லாம் கல்லாவில் உட்கார்ந்து காசு எண்ணியவர்கள்தாம். எண்ணிய காசில் ஒரு பங்கை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒதுக்கத் தெரிந்தவர்கள்.

நம்மால் அவ்வளவு முடியாமல் போகலாம். ஆனால் மூன்று காரியங்களை நம் சங்கங்கள் செய்ய முடியும் என்பது நமது கருத்து. ஒன்று, நம் குடும்பங்களிலிருந்து படித்துப் பொறியாளரானவர்களின் பட்டியல் ஒன்றைச் சங்கத்தில் வைத்து, தேர்வு முடிவு வந்த வாரத்தில் அவர்களை அழைத்துப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பேச வைப்பது. நம்மைப் போன்ற அரைகுறைகள் யோசனை சொல்வது அதோடு நிற்கும். இரண்டு, மாதம் ஒரு கடைக்கு ஒரு சிறு தொகை என்று மகமை சேர்த்து, வருடம் இரண்டு பிள்ளைகளுக்காவது புத்தகமும் தேர்வுக் கட்டணமும் கொடுப்பது. மூன்று, வருடத்துக்கு ஒரு முறை, உரிமம் பெற்ற மேற்பார்வையாளர் தலைமையில் மின்சாரம் படிக்கிற மாணவர்களைக் கொண்டு கடைவீதியின் ஒயரிங்கைச் சோதிப்பது. எர்த் இருக்கிறதா, கசிவு மின்சாரத்தைக் கண்டு 30 மில்லி ஆம்பியரில் தானே அணைகிற ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பிள்ளைகளுக்குப் பயிற்சி, நமக்குப் பாதுகாப்பு. எண்ணெய் டின்னும் சாக்கும் அட்டைப் பெட்டியும் அடுக்கிய கடையில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கடையை யார் பார்ப்பது?

கடைசியாக, பல தகப்பன்மார் வாய்விட்டுச் சொல்லாத கவலை ஒன்று உண்டு. பையன் இன்ஜினியராகப் போய்விட்டால் இந்தக் கடையை யார் பார்ப்பது? முப்பது வருடம் காலை ஐந்து மணிக்கு எழுந்து கட்டிய கடை நம்மோடு முடிந்துவிடுமா? இந்தக் கவலை பொய்யானது அல்ல. இதற்கு நம்மிடம் தயாராகப் பதிலும் இல்லை. தம்பி மகன் வரலாம், நம்பிக்கையான கடை ஆள் பங்காளியாகலாம், பெண் பார்க்கலாம், அல்லது ஒரு நாள் கடையைக் கொடுத்துவிடவும் நேரலாம். ஆனால் மனமில்லாமல் கல்லாவில் உட்காருகிற பிள்ளையால் கடை நிலைத்ததாக நாம் கண்டதில்லை. வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற முதலாளியிடம் யார் இரண்டாம் முறை வருவார்கள்?

அந்த நண்பரின் மகனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். நியூட்ரல் அறுந்த அன்று இரவு நாம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். "நான் சொன்னது தப்பு" என்று தகப்பனாரிடமும் மகனிடமும் சொன்னோம். அப்போதே பையன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேர்ந்து படித்துக்கொண்டிருந்தான். காலையில் கடை திறந்து கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போகிறான் என்று தகப்பனார் சொன்னார். இப்போது கடைசி ஆண்டு. பி.இ. சேருவதற்கு மனுப் போடப் போகிறான்.

போன மாதம் நம் கடைக்கு வந்தவன் மெயின் போர்டைத் திறந்து பார்த்தான். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று நாம்தான் எப்போதோ தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டிருந்தோம். "மாமா, இது ஃபியூஸ் இல்ல. சுமை கூடுனா இது அறுந்து நிக்கணும். நீங்க போட்டிருக்கிறது அறுக்காது, கடையைத்தான் எரிக்கும்" என்றான். மறுநாளே எம்.சி.பி. மாற்றிவிட்டோம். பில்லை அவனிடமே கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னோம்.

இந்த வருடம் உங்கள் வீட்டில் பிள்ளை ஒன்று முடிவுக்காகக் காத்திருக்கலாம். விலை விசாரிப்பதற்கு முன் அதன் கையையும் கண்ணையும் பாருங்கள். எதைப் பிரித்துப் பார்க்கிறது, எதில் நேரம் போவது தெரியாமல் இருக்கிறது என்று கவனியுங்கள். அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நாம் செய்யத் தவறியது அதுதான்.